ஒரே ஆண்டில் மறைந்த மூவர்

ஆண்டுகள் வருகின்றன, செல்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் உலகம் எண்ணற்ற மக்களைப் பெறுகின்றது. எண்ணற்ற மக்களை இழக்கின்றது. மறைந்தவருள் பெரும்பாலோரைக் காலம் மறந்துவிடுகின்றது. ஒரு சிலரை மட்டும் மறவாது போற்றுகின்றது. அவ்வாறு போற்றப்படும் அறிஞர் மூவரை 1937-ஆம் ஆண்டில் உலகம் அடுத்தடுத்து இழந்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 20-ஆம் நாள் ரோம் நகரில் மார்க்கோனி மறைந்தார். அக்டோபர்த் திங்கள் 19-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் நகரில் ரூதர்போர்டு மறைந்தார். நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் நம் நாட்டுக் கிரிடி என்னும் ஊரில் ஜகதீச சந்திர போஸ் மறைந்தார்.

இம்மூவருள் ஒருவர் இத்தாலி நாட்டவர், மற்றொருவர் நியூசிலாந்தில் பிறந்தவர், பிறிதொருவர் வங்காளத்தவர். பிறந்த நாடு வேறு. பேசிய மொழி வேறு. வளர்ந்த சூழல் வேறு. ஆயினும் மூவரும் தம் ஆராய்ச்சி வாழ்வின் தொடக்கத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே பொருளைக் கையில் எடுத்தனர். கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலையே அப்பொருள். ஒரே வாயிலில் நின்ற அவர்கள் பின்னர் வெவ்வேறு வழியே சென்றனர். போஸின் வாழ்வை முதன்மையாகக் கொண்டு, அவ்வழிகள் மூன்றையும் இங்குக் காண்போம்.

அவ்வலையைப் பற்றி முதலில் சிறிது அறிந்து கொள்ளுதல் வேண்டும். அமைதியாக உள்ள குளத்தில் ஒரு கல்லை எறிந்தால், வட்ட வட்டமாக அலைகள் எழுந்து கரையை நோக்கிச் செல்கின்றன. அவ்வாறே, மின்னோட்டம் மிக விரைவாக முன்னும் பின்னும் அசையுமிடத்திலிருந்து காணாத அலைகள் எழுந்து நாற்றிசையும் பரவும் என்றும், நாம் காணும் ஒளியும் அத்தகைய அலையே என்றும் மாக்ஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1865-ஆம் ஆண்டில் கணிதத்தின் வாயிலாக எடுத்துரைத்தார். ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் 1888-ஆம் ஆண்டளவில் அவ்வலைகளைத் தம் ஆராய்ச்சிக் கூடத்தில் தோற்றுவித்துக் காட்டினார். ஆனால், 1894-ஆம் ஆண்டின் முதல் நாளன்று, 36 வயதே நிரம்பியிருந்த அவர் உலக வாழ்வை நீத்தார். விளக்கை ஏற்றியவர் மறைந்தார், விளக்கோ அணையவில்லை. அதன் ஒளி கல்கத்தாவிலும், இத்தாலியிலும், நியூசிலாந்திலும் மூன்று உள்ளங்களைத் தொட்டது.

ஜகதீச சந்திர போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் மைமன்சிங் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ், அரசாங்கத்தில் துணை மாஜிஸ்டிரேட்டாகப் பணியாற்றியவர். ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புதலே பெருமை என்று உயர்நிலையில் இருந்தோர் கருதிய காலம் அது. பகவான் சந்திரரோ, மகன் முதலில் தன் தாய்மொழியையும் தன் நாட்டு மக்களையும் அறிதல் வேண்டும் எனக் கருதினார். ஆதலின் அவனை வங்காளமொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஏவலாளராக இருந்த முஸ்லிம் ஒருவரின் மகனும் மீனவர் ஒருவரின் மகனும் அவனுக்கு அருகில் அமர்ந்து பயின்றனர். பறவைகளைப் பற்றியும், விலங்குகளைப் பற்றியும், ஆற்றில் வாழும் உயிர்களைப் பற்றியும் அவர்கள் கூறிய கதைகளைச் சிறுவன் வியப்போடு கேட்டான். பிற்காலத்தில் செடிகொடிகளின் வாழ்வை ஆராய்ந்த பேரறிஞரின் உள்ளத்தில் அன்றே வித்து விழுந்தது.

சிறுவனைப் பள்ளிக்குத் தோளில் சுமந்து சென்றவன் யார் தெரியுமா? பகவான் சந்திரரால் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்து மீண்ட ஒரு கொள்ளைக்காரன்! விடுதலை பெற்ற அவன், பிழைக்க வழியில்லை என்று அவரிடமே வந்து நின்றான். அவர் அவனை வெறுத்து விரட்டவில்லை. தம் மகனைக் காக்கும் பணியிலேயே அவனை அமர்த்தினார். நம்பிக்கை வைத்தவரிடத்து அவன் நன்றி மறவாது நடந்தான். மனிதரை அவர் செய்த பிழையைக் கொண்டு மட்டும் அளத்தல் ஆகாது என்னும் உண்மையை ஜகதீசர் ஏட்டில் கற்குமுன் வீட்டிலேயே கற்றார்.

பின்னர் அவர் கல்கத்தாவிலுள்ள தூய சேவியர் கல்லூரியில் பயின்றார். அங்கே லாபோன் பாதிரியார் சோதனைகள் செய்து காட்டிப் பௌதிகம் கற்பித்த முறை, மாணவரின் உள்ளத்தைக் கவர்ந்தது. 1880-ஆம் ஆண்டில் ஜகதீசர் மருத்துவம் பயிலும் நோக்கத்துடன் இங்கிலாந்து சென்றார். ஆனால், முன்னரே பற்றியிருந்த காய்ச்சல் அவரை விடாது வருத்தியது. எனவே மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார். அங்கு ராலே பிரபு என்னும் பெரும் பௌதிக அறிஞர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

பட்டம் பெற்று மீண்ட போஸ், 1885-ஆம் ஆண்டில் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிக ஆசிரியராக அமர்ந்தார். அக்காலத்தில் ஆங்கிலேய ஆசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்திய ஆசிரியருக்கு வழங்கப்பட்டது. போஸின் பணி நிலையானது அன்று என்னும் காரணத்தால் அதிலும் பாதியே அவருக்கு அளிக்க முன்வந்தனர். ஒரே வேலைக்கு நிறத்தை நோக்கிக் கூலியைக் குறைத்தல் தம் நாட்டிற்கே இழிவு என்று அவர் கருதினார். அதனால் அவர் சினந்து பணியை விடவில்லை, பூசலும் விளைக்கவில்லை. நாள்தோறும் தவறாது பாடம் நடத்தினார். திங்கள்தோறும் ஊதியத்தைத் தொடாமல் மறுத்தார். இவ்வாறு ஒருநாள் அல்ல, இருநாள் அல்ல, மூன்று ஆண்டுகள் கழிந்தன. முடிவில் அரசாங்கம் அவர் தகுதியை உணர்ந்து, முழு ஊதியத்தையும் பழைய நாள்முதல் கணக்கிட்டு மொத்தமாக வழங்கியது. அப்பணத்தைக் கொண்டு அவர் செய்த முதல் வேலை, தந்தையார் பொதுநலத் தொழில்களில் ஈடுபட்டுப் பட்ட கடனை அடைத்ததாகும்.

அத்துன்பக் காலத்தில் அவருக்குத் துணையாக நின்றவர் மனைவியார் அபலா. பெண்கள் மருத்துவம் பயில வங்காளத்தில் இடம் கிடைக்காத காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து பயின்றவர் அவ்வம்மையார். 1887-ஆம் ஆண்டில் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. ஊதியம் இல்லாத வீட்டில் அவர் மனம் சலியாது குடும்பம் நடத்தினார். பிற்காலத்தில் வங்காளப் பெண்களின் கல்விக்காக அவர் ஆற்றிய தொண்டு பெரிது.

போஸ் தம் 36-ஆம் பிறந்த நாளன்று, இனித் தம் வாழ்வை ஆராய்ச்சிக்கே உரியதாக்குவது என்று உறுதி பூண்டார். கல்லூரியில் ஆராய்ச்சிக் கூடம் இல்லை, கருவிகள் இல்லை, அரசாங்கத்தின் பொருளுதவியும் இல்லை. ஒரு சிறிய அறையே அவருக்குக் கூடமாயிற்று. ஊர்த் தகரக் கொல்லர் ஒருவரைக் கொண்டு தாம் எண்ணிய கருவிகளைச் செய்வித்தார். வகுப்பு நேரம் போக எஞ்சிய பொழுதில் சோதனைகளை நடத்தினார்.

ஹெர்ட்ஸ் தோற்றுவித்த அலைகள் மிக நீண்டவை. அவற்றின் இயல்பை ஆராயப் பெரிய கருவிகளும் பரந்த இடமும் வேண்டும். அறையோ சிறிது! ஆதலின் அலையைச் சிறிதாக்க எண்ணினார் போஸ். 5 மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள அலைகளை அவர் தோற்றுவித்தார். அவை ஒளியைப் போலவே திரும்புவதையும், வளைவதையும், ஒரே திசைப்பட அதிர்வதையும் மெய்ப்பித்தார். அதற்கு அவர் பயன்படுத்திய பொருள்களைக் கேட்டால் நகைப்பும் வியப்பும் ஒருங்கே தோன்றும். புகைவண்டிக் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றின் தாள்களுக்கு இடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகி அதனையே ஒரு கருவியாக்கினார். வங்காளத்தில் எங்கும் விளையும் சணலை முறுக்கி மற்றொரு கருவியாக்கினார். வறுமை சிலரை முடக்குகின்றது; போஸின் அறிவையோ அது கூராக்கியது.

1895-ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் கூடியிருந்தனர். ஓர் இடத்தில் போஸ் தம் கருவியை இயக்கினார். அங்கிருந்து கிளம்பிய அலைகள் இடையே நின்ற சுவர்களை ஊடுருவிச் சென்று, தொலைவிலிருந்த அறையில் மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தை வெடிக்கச் செய்தன. இடையே ஒரு கம்பியும் இல்லை. கண்டவர் திகைத்தனர்.

அதே 1895-ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டில் பொலோனா நகரின் அருகே, ஓர் இளைஞர் தம் தந்தையாரின் மாளிகை மாடியில் அதே அலைகளோடு போராடிக் கொண்டிருந்தார். அவரே மார்க்கோனி. 1874-ஆம் ஆண்டில் செல்வக் குடியில் பிறந்த அவர் பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றும் பெறாதவர். ஹெர்ட்ஸின் சோதனைகளைப் பற்றிப் படித்தபோது, அலையின் இயல்பு யாது என்பதைக் காட்டிலும், அவ்வலையால் செய்தி அனுப்பக் கூடுமா என்னும் கேள்வியே அவர் உள்ளத்தில் எழுந்தது. முதலில் அறைக்குள்ளும், பின்னர்த் தோட்டத்திலும், அதன்பின் குன்றுக்கு அப்பாலும் செய்தி சென்றது. குன்றுக்கு மறுபுறம் நின்ற தமையனார், அலை வந்து சேர்ந்ததைத் துப்பாக்கியால் சுட்டு அறிவித்தார்.

மூன்றாமவர் ரூதர்போர்டு. அவர் 1871-ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாட்டில், நெல்சன் என்னும் ஊரின் அருகே பிறந்தார். பன்னிரண்டு மக்களுள் அவர் நான்காமவர். தந்தையார் வண்டிச் சக்கரம் செய்தும் சணல் போன்ற ஒருவகை நார் ஆலை நடத்தியும் உழைத்தவர். தாயார் பள்ளியாசிரியையாக இருந்தவர். உதவிச் சம்பளங்களைக் கொண்டே ரூதர்போர்டு படித்து முன்னேறினார். இங்கிலாந்து சென்று பயிலுதற்குரிய உதவிச் சம்பளத் தேர்வில் முதலிடம் வேறொருவருக்குக் கிடைத்தது. அவர் செல்ல இயலாமற் போகவே, அடுத்து நின்ற ரூதர்போர்டுக்கு அவ்வாய்ப்பு வந்தது. செய்தி வந்தபோது அவர் வயலில் உருளைக்கிழங்கு தோண்டிக் கொண்டிருந்ததாகக் கூறுவர். 1895-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜுக்கு வந்த அவர், தாமே நியூசிலாந்தில் வகுத்த கருவியொன்றையும் உடன் கொண்டு வந்தார். அதுவும் மின்காந்த அலையை உணரும் கருவியே! அரைமைல் தொலைவுக்கு அப்பாலிருந்தும் அவர் அலையை உணர்ந்து காட்டினார்.

இவ்வாறு ஒரே காலத்தில் மூவரும் ஒரே வாயிலில் நின்றனர். இனி அவர்கள் சென்ற வழிகளைக் காண்போம்.

மார்க்கோனி 1896-ஆம் ஆண்டில் தாயாருடன் இங்கிலாந்து சென்று, தம் கம்பியில்லாத் தந்திக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டில் கம்பெனி ஒன்றும் நிறுவப்பட்டது. 1899-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து செய்தி சென்றது. 1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், கனடாவின் கிழக்கே உள்ள நியூபவுண்டுலாந்துத் தீவில், பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்ட கம்பியின் வாயிலாக, இங்கிலாந்திலிருந்து வந்த அடையாள ஒலியைத் தம் காதாற் கேட்டதாக அவர் அறிவித்தார். இடையே இருந்த அட்லாண்டிக் பெருங்கடலின் அகலம் 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டது! 1909-ஆம் ஆண்டில் பௌதிகத்திற்குரிய நோபெல் பரிசை ஜெர்மானிய அறிஞர் பிரௌனுடன் அவர் பகிர்ந்து பெற்றார்.

அவருடைய முயற்சியின் பயனை உலகம் 1912-ஆம் ஆண்டில் கண்கூடாகக் கண்டது. அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் பனிப்பாறையில் மோதி நள்ளிரவில் மூழ்கலாயிற்று. மார்க்கோனிக் கம்பெனியைச் சேர்ந்த தந்தியாளர் இருவர் அக்கப்பலில் இருந்தனர். நீர் ஏறிவரும் நிலையிலும் அவர்கள் அபாயச் செய்தியை விடாது அனுப்பினர். அவருள் பிலிப்ஸ் என்பவர் உயிர் துறந்தார். செய்தி கேட்டு விரைந்து வந்த கார்ப்பேதியா என்னும் கப்பல் 700-க்கு மேற்பட்டவரைக் காப்பாற்றியது. ஏறக்குறைய 1,500 பேர் மாண்டனர். கம்பியில்லாத் தந்தி இல்லையாயின், உயிர் தப்பிப் படகுகளில் மிதந்தவருக்கும் அக்குளிர்க் கடலில் யார் துணை?

ரூதர்போர்டின் வழி வேறு. 1896-ஆம் ஆண்டில் எக்ஸ் கதிரைப் பற்றிய செய்தி அறிஞர் உலகைக் கிளர்ச்சியுறச் செய்தது. அவருடைய பேராசிரியர் ஜே. ஜே. தாம்சன், அக்கதிரை ஆராயும் பணியில் தம்முடன் சேருமாறு அழைத்தார். கையிலிருந்த அலைக் கருவியைத் தொடர்ந்து வளர்த்திருந்தால் பொருளும் புகழும் விரைவில் வந்திருக்கக் கூடும். ஆனால், பொருளின் உள்ளே யாது உள்ளது என்னும் கேள்வி அவரை ஈர்த்தது. அலையை விடுத்து அணுவை நோக்கினார். ஓர் அணு சிதைந்து வேறோர் அணுவாக மாறுதலைக் கனடாவில் இருந்தபோது சாடி என்னும் அறிஞருடன் சேர்ந்து விளக்கினார். அவ்வழியில் செய்த ஆராய்ச்சிக்காக 1908-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

அதன் பின்னரும் அவர் ஓய்ந்தாரல்லர். மான்செஸ்டரில் அவருடைய மாணவர்கள் மெல்லிய பொன் தகட்டின்மீது நுண்ணிய துகள்களைச் செலுத்தினர். பெரும்பாலானவை தடையின்றிக் கடந்து சென்றன. மிகச் சில மட்டும் சுவரில் பட்ட பந்தைப் போல் திரும்பி வந்தன. அதைக் கொண்டு, அணுவின் பெரும்பகுதி வெற்றிடம் என்றும், அதன் நடுவே மிகச் சிறிய கரு ஒன்று உள்ளது என்றும் 1911-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். பெரிய விளையாட்டுத் திடல் ஒன்றை அணுவாகக் கொண்டால், அதன் நடுவே வைத்த ஒரு மிளகே கரு எனலாம். இன்றைய அணுவியல் முழுவதும் அம்மிளகின்மீதே எழுந்துள்ளது.

நிற்க. போஸ் யாது செய்தார்? இங்கிலாந்தில் அவர் தம் கருவிகளைக் காட்டியபோது, அவற்றின் அமைப்பை அவர் மறைத்து வைக்கவில்லை. எவரும் கண்டு கற்குமாறு வெளிப்படுத்தினார். 1901-ஆம் ஆண்டில் கம்பியில்லாத் தந்தித் தொழிலைச் சேர்ந்த செல்வர் ஒருவர் அவரை அணுகி, உண்மைகளை முழுவதும் வெளியிட வேண்டா என்றும், காப்புரிமை பெற்றால் பெரும்பொருள் சேரும் என்றும் வற்புறுத்தினார். போஸ் இசையவில்லை. அறிவு விற்பனைப் பண்டம் அன்று என்பது அவர் கொள்கை. நண்பர்களின் வற்புறுத்தலால் கலீனா என்னும் ஈயக் கனிமத்தாலான உணர்கருவி ஒன்றுக்கு மட்டும் அமெரிக்காவில் காப்புரிமை கோரப்பட்டது; அது 1904-ஆம் ஆண்டில் கிடைத்தது. அதிலிருந்தும் அவர் பொருளீட்ட முயலவில்லை. மார்க்கோனி அட்லாண்டிக் செய்தியைக் கேட்க உதவிய பாதரச உணர்கருவியின் அடிப்படையைப் போஸ் 1899-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இச்சமயத்தில் போஸின் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. அவருடைய உணர்கருவி இடைவிடாது வேலை செய்தால் உணர்ச்சி குன்றுவதையும், சிறிது ஓய்வு கொடுத்தால் பழைய நிலை எய்துவதையும் அவர் கண்டார். உயிருள்ள தசையும் அவ்வாறன்றோ களைத்துத் தெளிகின்றது? உயிரற்ற உலோகத்திற்கும் உயிருள்ள உடலுக்கும் இடையே நிற்கும் செடிகொடிகளின் நிலை யாது? இவ்வினா அவரை அலையிலிருந்து பசுமை உலகிற்கு அழைத்துச் சென்றது. தொட்டாற்சிணுங்கியும் தொழுகண்ணியும் அவருக்கு மாணவரும் ஆசிரியருமாயின. செடி காயமுற்றாலும், குளிர் தாக்கினாலும், நஞ்சு பட்டாலும் அதன் உடலில் மின்துடிப்பு எழுகின்றது என்பதை அவர் பதிவு செய்து காட்டினார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியையும் வகுத்தார். அக்கருவிகளை உருவாக்கியவர் நம் நாட்டுக் கைவினைஞரே.

புதிய உண்மைக்கு உலகம் எளிதில் கதவு திறப்பதில்லை. பௌதிகம் பயின்றவருக்கு உயிர்நூலில் என்ன வேலை என்று மேனாட்டு உடலியல் அறிஞர் சிலர் எதிர்த்தனர். 1901-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் கழகத்தில் அவர் படித்த கட்டுரை அச்சேறாது நிறுத்தப்பட்டது. அவர் மனம் தளரவில்லை. அடுத்த ஆண்டே தம் சோதனைகளை நூலாக வெளியிட்டார். 1920-ஆம் ஆண்டில் அறிஞர் குழுவொன்று அவருடைய கருவியை நேரில் சோதித்து, அது காட்டும் அளவு மெய்யே எனச் சான்று கூறியது. அவ்வாண்டிலேயே ராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அவர் கூறிய முடிவுகள் அனைத்தையும் பிற்கால விஞ்ஞானம் ஏற்றுக்கொள்ளவில்லை. சாறு மேலேறும் வகை பற்றிய அவர் கொள்கை நிலைபெறவில்லை. ஆனால், செடிகளின் உள்ளே மின்குறிப்புகள் செல்கின்றன என்பது இன்று உறுதிப்பட்ட உண்மையாகும்.

1917-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் அவர் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். தம் வாழ்நாளில் சேர்த்த பொருளை அதற்கு அளித்தார். அங்கே காணப்படும் உண்மைகள் உலகிற்குப் பொதுவாதல் வேண்டும் என்றும், அவற்றின்மீது காப்புரிமை கொள்ளலாகாது என்றும் அறிவித்தார். அவர் தொடக்கக் காலத்தில் ஆராய்ந்த மில்லிமீட்டர் அலைகள் பல ஆண்டுகளுக்குப் பின்னர்த் தொலைத்தொடர்பிலும் வானியலிலும் பயன்படலாயின. மேகநாத சாகா, சத்தியேந்திரநாத போஸ் முதலிய விஞ்ஞானிகள் அவரிடம் பயின்றவர்களே.

இனி மூவரையும் ஒருங்கு வைத்து நோக்குவோம். போஸ் நம் நாட்டவர் என்னும் அன்பினால் மார்க்கோனியை இகழ்தல் நடுவுநிலை ஆகாது. அலையின் இயல்பை அறிதல் ஒரு திறன். அதனைக் கடல் கடக்கச் செய்து, கப்பல்தோறும் அமைத்து, உயிர்காக்கும் கருவியாக்குதல் மற்றொரு திறன். அதற்கு வேண்டிய பொருளைத் தொழில்வழியன்றி அவர் திரட்டியிருத்தல் அரிது. அவ்வாறே, மார்க்கோனி பெற்ற புகழைக் கண்டு போஸின் பங்கை மறத்தலும் முறையன்று. நெடுங்காலம் கம்பியில்லாத் தந்தியின் வரலாற்றில் போஸின் பெயர் உரிய இடம் பெறாதிருந்தது உண்மையே. மண்ணின் மேல் நிற்கும் கோபுரத்தைக் காண்பவர், மண்ணுள் மறைந்த அடிப்படையையும் எண்ணுதல் கடன்.

அறிவிற் பெரியோரும் குறையற்றவர் அல்லர். மார்க்கோனி தம் பிற்காலத்தில் முசோலினியின் கொடுங்கோலாட்சிக்குத் துணை நின்றார். அக்குறை அவர் புகழில் படிந்த கறையாகும். ரூதர்போர்டோ, 1933-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து விரட்டப்பட்ட அறிஞர்களுக்கு வாழ்வளிக்க எழுந்த கழகத்திற்குத் தலைமை தாங்கினார். ஆயினும் அணுவின் ஆற்றலை மக்கள் பயன்படுத்தல் இயலாது என்று அவர் கருதியது பிழையாயிற்று. அவர் மறைந்த மறு ஆண்டின் இறுதியில், முன்பு அவரிடம் பயின்ற ஹான் என்பவரும் ஸ்டிராஸ்மன் என்பவரும் செய்த சோதனையால் யுரேனிய அணு பிளவுபடுதல் வெளியாயிற்று. 1945-ஆம் ஆண்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன. அறிவு கத்தியைப் போன்றது. கனியை நறுக்குவதும் உயிரைப் போக்குவதும் அதனை ஏந்திய கையைப் பொறுத்தன.

மார்க்கோனி மறைந்த மறுநாள், பிரிட்டனிலும் பிற இடங்களிலும் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலியடக்கி நின்றன. அவர் எழுப்பிய ஓசையை அடக்குவதே அவருக்குச் செய்யும் அஞ்சலியாயிற்று. ரூதர்போர்டின் சாம்பல், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் கல்லறைக்கு அருகே வைக்கப்பட்டது. போஸ் தம் 79-ஆம் பிறந்த நாளுக்கு ஒருவாரம் இருக்கையில் அமைதியாக மறைந்தார்.

1938-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இந்திய விஞ்ஞானப் பேரவையின் வெள்ளி விழா கல்கத்தாவில் கூடியது. அவ்விழாவிற்குத் தலைமை தாங்க வேண்டியவர் ரூதர்போர்டு. தலைமையுரையையும் அவர் முன்னரே எழுதி வைத்திருந்தார். அவர் வரவில்லை, அவ்வுரை மட்டும் வந்தது. அவருக்கு மாறாக ஜீன்ஸ் என்னும் அறிஞர் தலைமை ஏற்றார். வந்தவரை வரவேற்க அந்நகரின் முதுபேரறிஞர் போஸும் இல்லை. இளமையில் ஒரே அலையைத் தேடிய இருவர், முதுமையில் ஒரே அவையில் கூடியிருத்தல் வேண்டும். காலன் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

மாணவர்களே! கல்வி என்பது வாயில் வரை நம்மை அழைத்துச் செல்வது. அங்கிருந்து எவ்வழி செல்வது என்பது நம் உள்ளத்தைப் பொறுத்தது. அறிந்ததை மக்களுக்குப் பயன்படும் கருவியாக்குதல் ஒரு வழி. அறிந்ததோடு நில்லாமல் மேலும் ஆழமாகத் தோண்டுதல் ஒரு வழி. அறிந்ததை விலை கூறாமல் எல்லார்க்கும் வழங்குதல் ஒரு வழி. மூன்றும் உலகிற்கு வேண்டும். ஆனால் எவ்வழிச் செல்பவர்க்கும், ஊதியமின்றி மூன்றாண்டுகள் வகுப்பறைக்குத் தவறாது வந்த அவ்வாசிரியரின் உறுதி துணையாதல் வேண்டும். தம் உரிமையையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தம் கடமையையும் விட்டுவிடவில்லை. அவ்விரண்டையும் ஒருங்கே காத்தல் எளிதன்று. ஆயினும் இயலும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.